ஆற்றுப்பாலையா, தொங்கு வில்லோவா? பறளியாற்றங்கரைக்கு எது பொருந்தும்

கேள்வி இதுதான்: கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் பறளியாற்றை ஒட்டி ஒரு விளை (தோட்டம்). சுமார் 30 மீட்டர் நீளத்துக்குக் கரை வருடாவருடம் இடிகிறது, ஓரத்து வாழைகள் ஆற்றோடு போகின்றன. நர்சரியில் கிளை தொங்கும் ‘வில்லோ’ கன்று தருகிறார்கள், ஆற்றங்கரைக்கு இதுதான் நல்லது என்கிறார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரோ ஆற்றுப்பாலைக் கம்பு வெட்டி நடச் சொல்கிறார். இரண்டும் ஒரே மரமா, வேறா? எது நிற்கும்?

ஒரே பேரினம், இரண்டு இனங்கள். அக்காள் தங்கை என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் பிறந்த ஊர் வேறு, வளர்ந்த காலநிலை வேறு. உங்கள் கரைக்கு ஆற்றுப்பாலை. தொங்கு வில்லோ வேண்டாம். ஏன் என்பதையும், ஆற்றுப்பாலையை நட்டாலும் எங்கே தவறும் என்பதையும் விரிவாகச் சொல்கிறேன். நட்டும் கரை போயிற்று என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் மரத்தைத் தவறாகத் தேர்ந்தவர்கள் அல்லர், நட்ட விதத்தில் தவறியவர்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. வில்லோவுக்குத் தமிழில் நிலைத்த ஒரே பெயர் இல்லை. பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து அழுததைச் சொல்லும் 137-ஆம் சங்கீதத்தில் கின்னரங்களைத் தூக்கிவைத்த மரம் தமிழ் வேதாகமத்தில் ‘அலரிச்செடி’ என்று வருகிறது. லேவியராகமத்தில் ‘ஆற்றலரி’. நம் மாவட்டத்திலோ அலரி என்றால் பூ பறிக்கும் அரளிதான். வில்லோப் பட்டையில் சாலிசின் என்ற பொருள் இருப்பதும், ஆஸ்பிரின் பிறந்த கதை அதிலிருந்து தொடங்குவதும் உண்மை. ஆனால் அதைப் படித்துவிட்டு ‘அலரிப் பட்டை காய்ச்சலுக்கு நல்லது’ என்று அரளிப் பட்டையைக் கஷாயம் வைத்தால் இதயம் நின்றுவிடும். அரளியின் இலை, பட்டை, வேர், பூ எல்லாமே நஞ்சு. இரண்டையும் பிரித்தறிவது எளிது: அரளியில் இலைகள் கணுவுக்கு மூன்றாகச் சுற்றி நிற்கும், தடித்து விறைப்பாக இருக்கும். வில்லோவில் இலை ஒவ்வொன்றாக மாறி மாறி வரும், மெல்லியதாக இருக்கும். உண்மையான வில்லோவாகவே இருந்தாலும் வீட்டில் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். அளவு தெரியாமல் உள்ளே போகிற மருந்து அது.

இன்னொரு பெயர்க் குழப்பம் ‘ஆற்றுப்பாலை’ என்ற பெயரிலேயே இருக்கிறது. ஏழிலைப்பாலை போல இதில் பால் வடியாது. இலைக்காம்பைக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் நீங்கள் தேடுகிற மரம் அது அல்ல.

மூன்றாவது குழப்பம் ஆற்றுவஞ்சி. மலையாளம் கலந்த பேச்சில் ஆற்றுவஞ்சி என்று சொல்லும் செடி, ஆற்றின் நடுவே பாறை இடுக்குகளில் ஆளுயரத்துக்குப் புதராக நிற்பது. இலை வில்லோ இலை போலவே நீண்டு ஒடுங்கியிருக்கும். ஆனால் அது வில்லோவே இல்லை, ஆமணக்குக் குடும்பம். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகச் செதில் ஒட்டியிருக்கும், காய் மூன்று பிளவாக மிளகை விடச் சிறிதாக இருக்கும், வில்லோ விதையில் இருப்பதுபோலப் பஞ்சு இருக்காது. வெள்ளத்தில் படுத்து எழுந்திருக்கும் அருமையான செடி. உங்கள் கரையின் அடியில் பாறை தென்பட்டால் அந்த இடுக்குகளுக்கு இதையும் கொண்டுவரலாம். ஆனால் மண் கரையைப் பிடித்து நிறுத்த நாம் பேசப்போகிற முறை வில்லோக் கம்புக்கானது.

இனி அக்காள் தங்கை இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஆற்றுப்பாலையின் அறிவியல் பெயர் சாலிக்ஸ் டெட்ராஸ்பெர்மா. டெட்ராஸ்பெர்மா என்றால் நான்கு விதை. காய்க்குள் நாலைந்து விதைதான் இருக்கும் என்பதால் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் ராக்ஸ்பர்க் அப்படிப் பெயர் வைத்தார். இந்தியா முழுவதும் ஆறு ஓடை ஓரங்களிலும், கிழக்கே தென்கிழக்காசியா வரையிலும் பரவியிருக்கிற வெப்பநாட்டு வில்லோ இது. வில்லோ என்றாலே குளிர்நாட்டு மரம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இந்த ஒன்று அந்த எண்ணத்துக்கு விலக்கு. நடுத்தர உயரமுள்ள மரம், 10 முதல் 15 மீட்டர் வரை போகும். அடிமரப் பட்டை கறுத்து, நீளவாக்கில் ஆழமாக வெடித்திருக்கும். இலை 8 முதல் 15 செ.மீ. நீளம், நடுவில் 2 முதல் 4 செ.மீ. அகலம். ஓரத்தில் ரம்பம் போல மிக நுண்ணிய பற்கள் ஒரே சீராக ஓடும், விரலை ஓட்டினால்தான் தெரியும். மேற்பக்கம் பச்சை, அடிப்பக்கம் சாம்பல் பூத்தாற்போல் வெளுப்பு. காற்றடிக்கும்போது மரம் முழுக்க வெள்ளியாய்ப் புரளும். தூரத்திலிருந்து அடையாளம் காண அது போதும்.

தொங்கு வில்லோ சாலிக்ஸ் பாபிலோனிகா. சீனாவின் வட பகுதி அதன் பூர்வீகம். 1753-இல் லின்னேயஸ் பாபிலோனை வைத்துப் பெயர் சூட்டினார், மேலே சொன்ன சங்கீதத்தை நினைத்து. பாபிலோன் ஆற்றங்கரையில் நின்றது பெரும்பாலும் யூப்ரடீஸ் பாப்லர் என்ற வேறு மரம் என்பதுதான் இன்றைய தாவரவியலாளர் கருத்து. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கிளைகள் நூல் நூலாகத் தரையை நோக்கி இறங்கும். இலை ஆற்றுப்பாலையின் இலை அளவுக்கு நீளம் வந்தாலும் அகலம் ஒன்றரை செ.மீ.க்கு உள்ளேதான், நுனி நீண்டு ஊசியாகும்.

பூக்கும் பருவம் என்றால் சந்தேகமே வராது. இரண்டிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூ என்பது இதழில்லாத, பூனைவால் போன்ற ஒரு கதிர். ஆற்றுப்பாலையின் ஆண் கதிர் விரல் நீளத்துக்கு வரும், லேசான நல்ல மணம் இருக்கும், ஒரு பூவைப் பிரித்து லென்ஸில் பார்த்தால் ஐந்துக்கு மேல் மகரந்தத்தாள் எண்ணலாம். தொங்கு வில்லோவின் கதிர் குட்டை, பூவுக்கு இரண்டே தாள். பூவில்லாத காலத்தில் இது வில்லோதானா என்று உறுதிசெய்ய ஒரே சோதனை போதும்: இலைக்கக்கத்து மொட்டை எடுத்து நகத்தால் அதன் அடியில் கிள்ளுங்கள். மற்ற பல மரங்களில் மொட்டை மூடியிருக்கும் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். வில்லோவில் ஒற்றைச் செதில்தான். இரண்டு இனத்துக்கும் இது பொது.

நர்சரிக் கன்றுக்கும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ‘வில்லோ’ என்று விற்கப்படுவதில் பல, தொங்கும் பாட்டில்பிரஷ் மரமாகவோ, கிளை தொங்க வளரும் நெட்டிலிங்கமாகவோ இருக்கும். பாட்டில்பிரஷ் இலையைக் கசக்கினால் யூகலிப்டஸ் சாயலில் வாசனை வரும். நெட்டிலிங்கத்தின் இலை பளபளப்பாக, ஓரம் அலை அலையாக இருக்கும். இரண்டும் அழகுக்குச் சரி, கரைப் பாதுகாப்புக்கு அல்ல.

உண்மையான தொங்கு வில்லோவே கிடைத்தாலும் ஏன் வேண்டாம் என்கிறேன்? அது குளிர்காலத்தில் இலையை உதிர்த்து உறங்கி, வெயில் காலம் தொடங்கும்போது விழிக்கும் பழக்கமுள்ள மரம். நம் சமவெளியில் இரவு வெப்பம் ஜனவரியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. மரம் சாகாது, ஆனால் எப்போது உறங்குவது எப்போது துளிர்ப்பது என்று தெரியாமல் கிளைக்கு ஒரு விதமாக இலை விடும். ஈரப்பதம் மிகுந்த நம் காற்றில் இலைத்துரு, இலைப்புள்ளி போன்ற பூஞ்சை நோய்கள் அதற்குள் ஏறிவிடும். ஊட்டி, கொடைக்கானல் போல 2000 மீட்டருக்கு மேல் குளிர்ந்த ஊர்களில் ஏரிக்கரை அழகுக்கு அது உரியது. பறளியாற்றுக்கு அல்ல.

அடுத்த காரணம் அதன் வடிவம். தொங்கும் கிளைகள் தண்ணீரைத் தொடும். வெள்ளத்தில் மிதந்து வரும் ஓலை, வாழைத்தண்டு, பிளாஸ்டிக் எல்லாம் அதில் சிக்கும். சிக்கினதும் நீர் அந்த இடத்தில் சுழித்துக் கரையை இன்னும் தோண்டும். கிளையும் எளிதில் முறியும். கரைக்கு வேண்டியது வெள்ளம் வரும்போது வளைந்து படுத்து, நீர் வடிந்ததும் நிமிர்கிற புதர். ஆற்றுப்பாலையை அந்த மாதிரி வளர்க்க முடியும், எப்படி என்று கீழே வருகிறது.

கிரிக்கெட் மட்டைக்கான மரம் இவற்றில் எது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு: இரண்டுமே இல்லை. அது சாலிக்ஸ் ஆல்பாவின் ‘செருலியா’ என்ற வகை. அதுவும் குளிர்நாட்டு மரம், இங்கே நட்டு மட்டை எடுக்க முடியாது.

சரி, ஆற்றுப்பாலையை எப்படி நடுவது. விதை போட வேண்டாம். பஞ்சோடு பறக்கும் அந்தத் துளி விதை சில நாட்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும், சேமித்து வைக்க வழியில்லை. ஆனால் கம்பு நட்டால் வேர் பிடிப்பதில் வில்லோவுக்கு நிகரில்லை. தண்டின் பட்டைக்கு அடியிலேயே வேர்முனைகள் தயாராக உறங்கிக்கொண்டிருக்கும், ஈரமும் இருட்டும் கிடைத்ததும் புறப்படும். மரச்சீனிக் (மரவள்ளி) கம்பு நட்ட கைக்கு இது பழக்கமான வேலைதான், ஒரே ஒரு வித்தியாசத்தோடு: மரச்சீனியை நாலு விரல் ஆழத்தில் நிறுத்துவோம், இதை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மண்ணுக்குள் இறக்க வேண்டும்.

காலம்தான் இதில் பாதி வெற்றி. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூன் முதல் தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. மழை தொடங்கும்போது நடலாம் என்று ஜூனில் நட்டால், வேர் பிடிக்கும் முன் முதல் வெள்ளமே கம்பைப் பிடுங்கிக்கொண்டு போகும். அக்டோபரிலும் அதேதான். டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி முடிவு வரைதான் சரியான காலம். ஆறு இறங்கியிருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், ஆற்றில் நீரோட்டமும் இருக்கும், அடுத்த வெள்ளத்துக்கு ஐந்து மாதம் அவகாசம். ஆற்றுப்பாலை மழை முடிகிற சமயத்தில் இலையை உதிர்த்துப் புதுத் துளிர் விடும். இலை உதிர்ந்து மொட்டு இன்னும் மூடியிருக்கிற கிளையை வெட்டுங்கள். துளிர் விரிந்துவிட்ட கிளை என்றால், கம்பில் சேர்த்து வைத்த சத்து ஏற்கெனவே இலைக்குப் போயிருக்கும், வேருக்கு மிச்சமிருக்காது.

கம்பு எடுப்பது: இரண்டு மூன்று வயதுக் கிளை, கட்டைவிரல் பருமனுக்கு மேல், 2 முதல் 4 செ.மீ. குறுக்களவு. மூன்றடி நீளம். வெட்டும்போதே அடிமுனையைச் சாய்வாகவும் மேல்முனையைத் தட்டையாகவும் வெட்டிவிடுங்கள். பத்துப் பேர் கை மாறினாலும் தலைகீழாக நடுவது அப்போது நேராது. தலைகீழாக நட்ட கம்பு சில சமயம் துளிர்க்கத்தான் செய்யும், ஆனால் வளர்ச்சி நொண்டும். ஒரே மரத்திலிருந்து எல்லாக் கம்பும் எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால் 200 கம்பும் ஒரே மரம்தான், ஒரு நோய் வந்தால் மொத்தமும் போகும். நாலைந்து மரங்களிலிருந்து, ஆண் பெண் இரண்டிலும் எடுப்பது நல்லது. வீடும் கிணறும் பக்கத்தில் இருந்தால் மட்டும் ஆண் மரக் கம்பாக எடுங்கள், பஞ்சு பறக்கும் தொல்லை இராது. காப்புக்காட்டு எல்லைக்குள் கம்பு வெட்ட வேண்டாம், அது குற்றம். கரை ஆற்றுப் புறம்போக்காக இருந்தால் நீர்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு மண்ணைத் தொடுவது பிற்பாடு வரும் வழக்கைத் தவிர்க்கும்.

வெட்டிய கம்பை இலையெல்லாம் கழித்து, அடிப்பாகம் தண்ணீரில் மூழ்க ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை நிழலில் ஊற வையுங்கள். வெயிலில் கிடந்த கம்பு ஒரே மத்தியானத்தில் வீணாகும். பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே ஈரப்பச்சை என்றால் உயிர் இருக்கிறது, பழுப்பு என்றால் எறிந்துவிடலாம்.

இப்போது கரை. இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. செங்குத்தாக இடிந்து நிற்கும் கரையின் உச்சியில் எந்த மரத்தை நட்டாலும் பயனில்லை. ஆறு கரையை மேலே அரிப்பதில்லை, அடியைக் குடைகிறது. அடி குழிந்ததும் மேல்மண் தன் எடையாலேயே மரத்தோடு சரிகிறது. பெரிய மரமாக இருந்தால் காற்று அதை நெம்புகோலாக்கி இன்னும் அதிக மண்ணைப் பெயர்க்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் ரப்பர் மரங்கள் வேரோடு பெயர்ந்து கிடந்ததைப் பார்த்த ஊர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனவே வரிசை இதுதான்: முதலில் அடி, அப்புறம் சரிவு, அப்புறம்தான் கம்பு.

உங்கள் கரை இரண்டரை மீட்டர் உயரம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். ஒன்றுக்கு ஒன்றரை என்ற சரிவுக்குச் சீவ வேண்டும், அதாவது உயரம் 2.5 மீட்டருக்கு உள்வாங்கல் 3.75 மீட்டர். 30 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 2.8 சென்ட் நிலம் சரிவுக்குப் போகும், சுமார் 140 கனமீட்டர் மண் வெட்ட வேண்டிவரும். மனசு வலிக்கும். ஆனால் கொடுக்காவிட்டால் ஆறு தானே எடுத்துக்கொள்ளும், எவ்வளவு என்று அதுதான் முடிவு செய்யும். வெட்டிய மண்ணை ஆற்றில் தள்ளாதீர்கள், விளையின் பள்ளத்துக்குக் கொண்டுபோங்கள்.

அடியில், ஜனவரி நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு அடி தோண்டி, ஒரு ஆள் சிரமப்பட்டுத் தூக்கும் அளவுக் கற்களை இரண்டு மூன்று அடுக்காகப் பதியுங்கள். சின்னக் கல் போட்டால் முதல் வெள்ளத்தில் உருண்டுவிடும். சிமென்ட் பூச வேண்டாம், கல் இடுக்கில் வேர் புக வேண்டும். சரிவின் மேல் தென்னை நார்க் கயிற்று வலையை விரித்து, மூங்கில் முளை அடித்து இறுக்குங்கள். அது இரண்டு மூன்று வருடத்தில் மக்கிவிடும். அதற்குள் வேர் பின்னிவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. வலையின் மேல்விளிம்பை அரையடிச் சாலில் புதைக்க மறந்தால் மழைநீர் வலைக்கு அடியில் ஓடி மண்ணை அரிக்கும். வலை மட்டும் தொங்கும்.

கம்பு வரிசை: கல்லுக்கு மேல் ஒரு அடி விட்டு முதல் வரிசை, அங்கிருந்து 75 செ.மீ. இடைவெளியில் மேலும் மூன்று வரிசை. வரிசைக்குள்ளும் 75 செ.மீ. ஒரு வரிசைக்கு 40, நான்கு வரிசைக்கு 160. போகிறது வாடுகிறதுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 190 கம்பு எடுத்துவையுங்கள். மேல் வரிசைக் கம்பு கீழ் வரிசையின் இடைவெளிக்கு நேராக வரவேண்டும், முக்கோணமாக. நேருக்கு நேராக நட்டால் நடுவில் நீருக்கு நேர்வழி கிடைத்துவிடும்.

கம்பைச் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். தலை பிளக்கும், பட்டை உரியும், பிளந்த வழியே பூஞ்சை நுழையும். கம்பிப்பாரையால் சரிவுக்குச் செங்குத்தாக, ஆனால் லேசாக ஆற்றோட்டத் திசைக்குச் சாய்த்து இரண்டேகால் அடி துளை போடுங்கள். கம்பை அடிவரை இறக்குங்கள். இப்போது துளைக்கும் கம்புக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருக்கும். பெரும்பாலான தோல்வி அங்கேதான் பிறக்கிறது. அந்தக் காற்றுப் பொந்தில் புறப்பட்ட வேர்முனை மண்ணைத் தொடாமல் காய்ந்துபோகும். மேலே மட்டும் மிதித்துவிட்டால் வாய் அடைபடும், உள்ளே பொந்து அப்படியே இருக்கும். ஆற்று வண்டலைத் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து ஊற்றுங்கள். உறிஞ்சியதும் மறுபடி ஊற்றுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை ஊற்றி, பிறகு குதிகாலால் மிதியுங்கள். வெளியே தெரிவது ஒரு சாண், இரண்டு மூன்று மொட்டு. இதற்கு மேல் விட்டால் வெளிப்பகுதி ஈரத்தை ஆவியாக விட்டுவிடும்.

மூன்று வாரத்தில் துளிர் வரும். அதைப் பார்த்து மகிழ்ந்து நீர் விடுவதை நிறுத்துவதுதான் அடுத்த பெரிய தவறு. முதல் துளிர் வேரால் வந்தது அல்ல, கம்பில் இருந்த இருப்பால் வந்தது. வேர் வராவிட்டால் ஐந்தாறு வாரத்தில் அந்தத் துளிர் திடீரென்று தொங்கிப்போகும். எட்டு வாரம் கழித்து இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். எதிர்த்து நின்றால் வேர் பிடித்துவிட்டது. மார்ச், ஏப்ரலில் ஆறு இறங்கும், மேல் இரண்டு வரிசை வாடும். வாரம் இருமுறை கம்புக்கு ஒரு குடம் போல ஊற்றிக் கோடை மழை வரை கொண்டுபோய்விட்டால் போதும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வில்லோ இலை பிடித்த தீனி, முதல் வருடம் முள்வேலி கட்டாயம். மேல் வரிசையில் கரையான் ஏறினால் மண்ணைத் தட்டி ஈரப்படுத்துங்கள், காய்ந்த கம்பைத்தான் அது முதலில் தேடும். தண்டில் துளையும் அதன் அடியில் மரத்தூளும் கண்டால் துளைப்பான் புழு. அந்தத் தண்டை அடியோடு வெட்டி எரித்துவிடுங்கள், புதுத் துளிர் வரும்.

சரிவின் மேல் பாதிக்கு, ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு, வெட்டிவேர். தூருக்கு அரை சாண் இடைவெளியில் இரண்டு வரிசை, மொத்தம் 600 தூர் பிடிக்கும். ஆற்றுப்பாலை அங்கே வேண்டாம், அவ்வளவு உயரத்தில் கோடையில் அதற்கு ஈரம் எட்டாது. கரை உச்சியிலிருந்து நாலைந்து மீட்டர் உள்ளே தள்ளி நீர்மருது ஆறேழு வைக்கலாம்.

இரண்டாம் வருடம் ஜனவரியில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு காரியம் செய்ய வேண்டும். ஆள் உயரம் தாண்டி வளர்ந்த ஆற்றுப்பாலையைத் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு வெட்டுகத்தியால் சாய்வாக வெட்டுங்கள். முதலில் ஒன்றாவது, மூன்றாவது வரிசை. அடுத்த வருடம் மற்ற இரண்டு. வெட்டிய இடத்தில் ஏழெட்டுக் கிளை புறப்படும், அடியில் தூர் பருக்கும், வேர் இன்னும் பரவும். இப்படி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெட்டி வந்தால் அது மரமாகாமல் புதராகவே நிற்கும். வெள்ளத்தில் வளையும், காற்றில் பெயராது. வெட்டிய கம்பு அடுத்த கரைக்கு நடுபொருள். விட்டுவிட்டால் பத்து வருடத்தில் 10 மீட்டர் மரமாகிக் கரைக்கே பாரமாகும். இந்த ஒரு வேலையைச் செய்ய மாட்டேன் என்றால் ஆற்றுப்பாலையையும் நடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

எங்கே நடவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரப்பரின் அடர்ந்த நிழலில் வில்லோ வாழாது, நாளில் பாதிக்கு மேல் நேர்வெயில் வேண்டும். தோவாளை சானல், அனந்தனார் சானல் போன்ற பாசனச் சானல்களின் கரையில் வைக்காதீர்கள். வேர் ஈரத்தைத் தேடிக் கரை வெடிப்புகளில் புகும், நீர் கசியும், ஒடுங்கிய சானலில் கிளைகள் ஓட்டத்தை அடைக்கும். கிணறு, செப்டிக் டேங்க், குடிநீர்க் குழாயிலிருந்து 15 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். ஆற்றின் நடுத்திட்டிலும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்து நட்ட வில்லோக்கள் ஆற்றுப்படுகைக்குள் பெருகி ஓட்டத்தையே திருப்பியதால், அங்கே மூன்று வகை நீங்கலாக மற்றவை களையாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. நம் மண்ணின் மரமானாலும் படுகைக்குள் நின்றால் அதே வேலையைச் செய்யும். உப்பு ஏறும் கழிமுகத்திலும், அதாவது தேங்காய்ப்பட்டணம், மணக்குடி பக்கத்திலும் இரண்டு வில்லோவும் கருகும். அங்கே கைதை (தாழை), பூவரசு, புன்னை.

தேன் பெட்டி வைத்திருந்தால் ஆற்றுப்பாலைக்கு இன்னொரு பயன் உண்டு. மார்த்தாண்டம் தேனின் பெரும்பகுதி ரப்பர் இலைக்காம்புச் சுரப்பியிலிருந்து வருவது. அது இனிப்பு மட்டும் தரும், மகரந்தம் தராது. குஞ்சு வளர்க்கக் கூட்டுக்கு மகரந்தம் வேண்டும். ரப்பர் துளிர்ப்பதற்கு முன், மழைக்குப் பின், ஆற்றுப்பாலையின் ஆண் கதிர்கள் மலரும் நேரத்தில் அது கிடைக்கும். அதனால் வெட்டும்போது எல்லா வரிசையையும் ஒரே வருடம் வெட்டாதீர்கள், வெட்டாத வரிசையில்தான் பூ இருக்கும். ஆண் புதர்கள் எவை என்று முதல் பூவிலேயே பார்த்து, தண்டில் ஒரு கயிற்றைக் கட்டி அடையாளம் வைத்துவிடுங்கள்.